ஆறு டிகிரி குறைந்த முக்கோணம்

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்று எண்பது வரும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதில் ஆறைக் காணாமல் போகச் செய்தவள் நான். களவு போன பொருளை நான் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. ஆனாலும் களவு களவுதான்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்தில் நான் ஆயா. கூட்டுவது, மணி அடிப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, கரும்பலகையைத் துடைப்பது, வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் கழுவி விடுவது எல்லாம் என் வேலை. நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது எனக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் எங்கள் ஆயா பி.எச்டி என்பார்கள். அது நான் சொல்லிக் கொடுத்தது.

ஆனால் எட்டாம் வகுப்புக் கணக்கு எனக்குக் காது வழியாகத் தெரியும். டம்ளர் கழுவுகிற குழாய் அந்த வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. வருஷா வருஷம் அதே பாட்டுத்தான். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் குத்தெதிர்க் கோணங்கள் சமம். எங்கள் பட்டினப்பாக்கம் குடியிருப்பில் எதிரெதிர் வீட்டுக்காரிகள் மாதிரி என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒருத்தி வாயை எவ்வளவு திறக்கிறாளோ, அடுத்தவளும் இம்மி குறையாமல் அவ்வளவு திறப்பாள். ஒரே நேர்கோட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு கோணங்கள் சேர்ந்தால் நூற்று எண்பது. அது பறக்கும் ரயில் பெஞ்சு. ஒரு அம்மா இடுப்பை அகட்டினால் பக்கத்து அம்மா ஒடுங்கத்தான் வேண்டும். முக்கோணத்தின் பரப்பு அரை பெருக்கல் அடிப்பக்கம் பெருக்கல் உயரம். "அந்த அரைய இன்னாத்துக்கு புடிச்சி வச்சிக்கிறீங்க, முழுசா குடுத்தா கொறஞ்சா பூடுவீங்க?" என்று ஜன்னல் வழியாக ஒருநாள் கேட்டேன். வகுப்பே சிரித்தது.

அந்தக் கணக்கு டீச்சரும் சிரித்தார். அதற்கு முன்பிருந்தவர்கள் என்றால் ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். இவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சின்ன வயசுப் பெண். "உள்ள வந்து உக்காருங்க ஆயாம்மா, வெயில்ல நின்னு ஏன் பாடம் கேக்கீங்க?" என்பார். எல்லோருக்கும் நான் ஆயா. அவருக்கு மட்டும்தான் ஆயாம்மா. அந்த ஒரு 'அம்மா'வுக்காகவே அவர் வகுப்பை இரண்டு தடவை கூட்டுவேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்து, பார்வை மங்கிய தன் அம்மாவைக் கூட்டி வந்து வைத்திருந்தார். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இரண்டு வருஷம் முடிகிற சமயத்தில் நிர்வாகத்திலிருந்து மூன்று பேர் வந்து ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால், நன்றி, போய் வாருங்கள். அந்த நாள் ஒரு வியாழக்கிழமை என்று முடிவானது. "அன்னைக்கு முக்கோணம்தான் எடுக்கப் போறேன் ஆயாம்மா. பிள்ளைகளையே போர்டுக்குக் கூப்பிட்டு அளக்க வைக்கப் போறேன். அம்மாவ இங்கயே வச்சுக்கலாமா, ஊருக்கு பஸ் ஏத்தணுமான்னு அன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்று என்னிடம்தான் சொன்னார்.

கரும்பலகையில் வரைவதற்கென்று மரத்தில் செய்த பெரிய சாமான்கள் உண்டு. சாக்பீஸ் செருகுகிற கவராயம், இரண்டு மூலைமட்டம், ஒரு மீட்டர் ஸ்கேல், அரைவட்டமாக முறம் அகலத்துக்கு ஒரு கோணமானி. எல்லாம் என் பொறுப்பில் இருக்கும். பொறுப்பு என்றால் நான் அவற்றை நன்றாக வேலை வாங்கினேன். மூலைமட்டம், தலைமையாசிரியையான பெரிய டீச்சர் அறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கும். கவராயம் வாதாம் மரத்தில் காய் பறிக்கும். கோணமானிதான் எனக்குத் திருவாசி.

அது என்னவென்றால், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் கொஞ்சம் கூத்துக் கட்டுவேன். கோணமானியைத் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டால் கோயிலில் அம்மனுக்குப் பின்னால் இருக்கிற அதே வளைவுதான். ஒரு கையில் சாம்பார்க் கரண்டி. நாக்கைத் துருத்தி, கண்ணை உருட்டி, குறி சொல்வேன். சமையல்காரம்மாதான் கேள்வி கேட்பாள்.

"தாயே, இன்னா கொறை உனக்கு?"

"உப்பு கொறைடி! நேத்து சாம்பார்ல உப்பு கொறை! பொரியல்ல பாதிய மூடி வச்சிக்கீற, அதுவும் எனக்குத் தெரியும்டி!"

பிள்ளைகள் புரையேறிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு மாதிரி. வியாழனுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஆடினேன். எண்ணெய்க் கை. திருவாசி வழுக்கிக் குழாயடிக் கல்லில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அடிச்சட்டம் நீளவாக்கில் பிளந்து, வளைவிலிருந்து ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது.

"அய்யய்யோ, அம்மனுக்கு இடுப்பு ஒடிஞ்சிச்சு" என்றாள் சமையல்காரம்மா. நானும் சிரித்தேன். அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்கே டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய டீச்சர் ஏற்கெனவே ஒருமுறை, "அது விளையாட்டுச் சாமான் இல்ல ஆயா" என்று எச்சரித்திருந்தார். பழைய புடவையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டில் ஒரு தச்சர் இருக்கிறார். தி.நகரில் புதுசாகத் திறக்கிற துணிக்கடைக்கு அலமாரி வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் கொடுத்தேன்.

"இது இன்னா அக்கா, சூரியன்ல பாதியா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பசை மட்டும் போட்டா நிக்காது. அடில ஒரு சட்டம் குடுத்து ஆணி அடிச்சா உன் பேரன் பையன் வரைக்கும் வரும்."

"வியாயக்கெயமைக்குள்ள வேணும்."

"குடுக்கறேன் போ. அசலு எதுன்னு உங்க டீச்சருக்கே தெரியாது."

திங்கட்கிழமை கணக்கு டீச்சர் கேட்டார். "ஆயாம்மா, கோணமானி எங்க? ஒரு தடவ ஒத்திகை பாத்துக்கிடுதேன்."

"எறும்பு அரிச்சிருந்திச்சி டீச்சர். வேப்பெண்ண தடவி காய வச்சிக்கீறேன்."

செவ்வாய்க்கிழமையும் காய்ந்தது. புதன்கிழமையும் காய்ந்துகொண்டே இருந்தது. "அப்பளம்கூட இதுக்குள்ள காஞ்சிருக்கும் ஆயாம்மா" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். நான் ஏதோ பதில் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பினேன். ஆட்களைச் சிரிக்க வைத்து அனுப்புவதில் நான் கெட்டிக்காரி.

வியாழக்கிழமை காலையில்தான் தச்சர் கொடுத்தார். அடியில் வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரல் பருமனுக்கு ஒரு புதுச் சட்டம். மேலே மஞ்சள் பெயின்ட். ஒட்டு எங்கே என்று தடவினால்தான் தெரியும். மனுஷர் வேலையில் சுத்தம். "நடுக்கோடு பழைய கட்டையோட நின்னுட்டுது. அத கீழ வரைக்கும் இழுத்து வுட்டுட்டேன், அப்பதானே பாக்கறதுக்கு நல்லாருக்கும்" என்றார். அவர் அக்கறையாகச் செய்த அந்த ஒரு வேலையில்தான் எல்லாம் போனது. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கோணமானியில் பூஜ்யம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டம்தான் கோட்டின் மேல் உட்கார வேண்டும். நாங்கள் அதற்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டு ஏற்றி வைத்திருந்தோம்.

மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வகுப்பு ஆரம்பிக்கிற நேரம். நிர்வாகத்து ஆட்கள் மூன்று பேர் பின்பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. பெரிய டீச்சர் ஓரமாக நாற்காலியில். கணக்கு டீச்சர் வாசலில் என்னைத் தேடிக்கொண்டு நின்றார். இஸ்திரி போட்ட நீலச் சேலை. கையில் வாங்கிக்கொண்டு, "தெய்வம் மாதிரி வந்தீங்க ஆயாம்மா" என்றார்.

நான் தண்ணீர் டம்ளர்களோடு வாசலிலேயே நின்றேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஸ்கேலை வைத்துப் பெரிதாக ஒரு முக்கோணம் வரைந்தார். அளவு எதுவும் வைத்து வரையவில்லை, கைபோன போக்கில் மூன்று கோடு. "இதுல மூணு கோணமும் என்னென்னன்னு எனக்கும் தெரியாது. நீங்கதான் அளந்து சொல்லணும். கூட்டினா என்ன வரும்?" என்றார். "நூத்தி எம்பது!" என்று வகுப்பு கத்தியது. பின்பெஞ்சில் ஒருவர் தலையாட்டினார்.

ஒரு பெண் வந்து அளந்தாள். அறுபத்தொன்பது. இன்னொருத்தி வந்தாள். ஐம்பத்தெட்டு. ஒரு பையன் வந்தான். நாற்பத்தேழு. டீச்சர் சிரித்த முகமாகவே ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினார். கூட்டி முடித்த கை அங்கேயே நின்றது. நூற்று எழுபத்து நான்கு.

"சரியா வைக்கல போலுக்கு" என்று தானே அளந்தார். அதே அறுபத்தொன்பது. அதே ஐம்பத்தெட்டு. அதே நாற்பத்தேழு.

பின்பெஞ்சுக்காரர்களில் கண்ணாடி போட்டவர், "வேற ஒண்ணு வரைஞ்சு பாருங்களேன்" என்றார். வரைந்தார். இந்தத் தடவை ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்து விரிந்த முக்கோணம். அளந்தார். கூட்டினார். நூற்று எழுபத்தைந்து.

"ஏம்மா, முக்கோணத்துக்கு முக்கோணம் மாறுமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று தெரியாது, ஆனால் எதனால் என்று தெரியும். இத்தனை வருஷமாக அந்த ஜன்னலுக்குக் கீழே நூற்று எண்பது ஒருநாளும் குறைந்ததில்லை. இன்றைக்குக் குறைகிறது என்றால் இன்றைக்குப் புதிதாக இருப்பது அந்த மஞ்சள் சட்டம் ஒன்றுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "டீச்சர், அது ஒடைஞ்சி ஒட்ட வச்சது." ஏழெட்டு அடி தூரம்கூட இல்லை. என் கைத்தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெரிய டீச்சரும் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். வந்தது இது:

"காலைல டிபன் துன்னாம வந்துருக்கும் சார் அந்த முக்கோணம். அதான் ஆறு எளைச்சிட்டிச்சி!"

வகுப்பு வெடித்தது. பின்பெஞ்சு மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒருவர் கர்ச்சீப் எடுத்துக் கண்ணைத் துடைத்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஜோக்குகளில் அதற்குத்தான் பெரிய சிரிப்பு. கணக்கு டீச்சரின் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. குனிந்து கீழே விழுந்த சாக்பீஸைத் தேடினார். அது அவர் கால்மாட்டிலேயே கிடந்தது. வெகுநேரம் தேடினார். அதற்கப்புறம் அவர் பேசியது ஒன்றும் யார் காதிலும் ஏறவில்லை.

மணி அடித்ததும் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கோணமானியை எடுத்துப் போய்ப் பழைய ரெஜிஸ்டர்கள் இருக்கும் பீரோவுக்குப் பின்னால் செருகினேன். திரும்பி வந்து கரும்பலகையைத் துடைத்தேன். இரண்டு முக்கோணத்தையும், ஒரு புள்ளி விடாமல். அன்றைக்கு மட்டும் ஈரத்துணி போட்டுத் துடைத்தேன். பத்து நிமிஷம் கழித்துக் கணக்கு டீச்சர் ஒரு பிள்ளையின் சின்னப் பிளாஸ்டிக் கோணமானியோடு ஓடி வந்தார். வெறும் கரும்பலகையைப் பார்த்தார்.

"தொடச்சிட்டீங்களா?"

"மணி அடிச்சா தொடைக்கிறதுதானே டீச்சர்."

"அது சரிதான்" என்றார். "பெரிய கோணமானி?"

"எடுத்து வச்சிக்கீறேன். நாளிக்கு தரேன்."

வெள்ளி போனது. சனி, ஞாயிறு போனது. வீட்டில் பேத்தி, "ஆயா, ஏன் சத்தமே காணோம், டிவி ரிப்பேரா?" என்று என்னைக் கேட்டாள். திங்கட்கிழமை ஆபீஸ் அறையில் தண்ணீர் வைக்கும்போது காதில் விழுந்தது. நிர்வாகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அடிப்படைக் கணக்கே தடுமாறுகிறது, வகுப்பைக் கட்டுக்குள் வைக்கத் தெரியவில்லை, ஆயாகூடக் கேலி பேசுகிறாள். மூன்றாவதாக எழுதியிருந்தது என்னைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு.

அப்போதும் நான் சொல்லவில்லை. திங்கள் முழுக்கச் சொல்லவில்லை. செவ்வாய் காலையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆயாம்மா, சமையல்கட்டுல காலி அட்டைப்பெட்டி இருந்தா ரெண்டு எடுத்து வைங்க. என் புஸ்தகத்தை எல்லாம் கட்டணும். நல்ல பெட்டியா பாத்து வைங்க, அம்மாவோட மருந்தும் அதுலதான் போகணும்."

அவர் போன பிறகு குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் டம்ளர் நிரம்பி, வாளி நிரம்பி, காலடியில் ஓடியது. பீரோவுக்குப் பின்னாலிருந்து கோணமானியை இழுத்துக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். அவர் மயிலாப்பூர்க்காரர். பள்ளியில் எல்லோருக்கும் அவரிடம் பயம், என்னைத் தவிர. என் ஜோக்குக்கு அவரும் சிரிப்பார், வாயை மூடிக்கொண்டு.

"அம்மா, அன்னிக்கி முக்கோணத்துல ஆறு கொறைஞ்சதுக்கு நான்தான் காரணம். இத ஒடைச்சி, ஒட்டு போட்டு குடுத்துட்டேன். டீச்சர் மேல தப்பு இல்ல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "கார்த்தாலேயே ஆரம்பிச்சுட்டேளா ஆயா? போங்கோ, நேக்கு வேலை தலைக்கு மேல இருக்கு."

"நெசமா சொல்றேம்மா."

"நீங்க எதைத்தான் நெசமா சொல்லலே? போன மாசம் பெல்லை எலி தூக்கிண்டு போயிடுத்துன்னு சத்தியம் பண்ணினேளே."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் சிரிக்க வைத்ததற்குப் பலன் இது. என் உண்மையைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். சரி, செய்து காட்டிவிடுவோம் என்று நினைத்தேன். அறையில் சதுர ஓடு பதித்த தரை. ஓட்டின் மூலை தொண்ணூறு என்பது எனக்கே தெரியும். மண்டி போட்டு, சட்டத்தை ஒரு கோட்டின் மேல் வைத்து, நடுக்கோட்டை மூலையில் பொருத்தினேன். "வந்து பாருங்கம்மா, தொண்ணூறு வராது" என்றேன்.

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "தொண்ணூறு" என்றார். "கரெக்டா தொண்ணூறு காட்டறது."

நானும் பார்த்தேன். தொண்ணூறேதான். ஒரு மயிரிழை பிசகவில்லை. வேறு ஓட்டில் வைத்தேன். அங்கேயும் தொண்ணூறு. என்னை மாட்டிவிடவும் மாட்டேன், காப்பாற்றவும் மாட்டேன் என்று அந்தக் கட்டை எனக்கே ஆட்டம் காட்டியது. அதன் சூட்சுமம் எனக்கு அப்போது தெரியாது. நேர் மேலே போகிற கோட்டுக்கு மானி ஒரு விரல் ஏறி நின்றாலும் ஒன்றுதான், இறங்கி நின்றாலும் ஒன்றுதான். அது நட்டநடுவில்தான் போகும். சாய்ந்த கோடுதான் ஏமாந்து போகும்.

"போதும் ஆயா, எழுந்துக்கோங்கோ. முட்டி வலிக்கப் போறது" என்றார் பெரிய டீச்சர். அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. இப்போது பாவம் பார்க்கிற குரல். "அந்தப் பொண்ணு மேல பிரியம். அதுக்காகப் பழியை நீங்க ஏத்துக்க வந்திருக்கேள். புரியறது."

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திருடியைப் பிடித்து நல்லவள் என்று சொல்கிறார். அவர் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். மூலையை முனை மாறாமல் பாதியாக மடித்தேன், துணி மடிக்கிற மாதிரி. தொண்ணூறில் பாதி நாற்பத்தைந்து. அதற்கு நாலாம் வகுப்பே அதிகம். மடித்த மூலையைத் தரையில் வைத்து, அதன் மேல் சட்டத்தை உட்கார வைத்தேன்.

"இத பாருங்க."

குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். "நாப்பத்திரெண்டு" என்றார். தானே தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தார். நாற்பத்தைந்து. மறுபடியும் மரத்தது. நாற்பத்திரண்டு. பிறகு நகத்தால் மஞ்சள் பெயின்டைச் சுரண்டினார். ஒட்டு தெரிந்தது.

"அன்னிக்குக் கிளாஸ்ல நிக்கறச்சேயே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சர் வந்து, தரையில் இருந்த தாளையும் மானியையும் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே சட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எப்ப ஒடைஞ்சது?"

"அதுக்கு முந்தின வெள்ளிக்கெயம டீச்சர்."

"எறும்பு அரிச்சது..."

"பொய்."

"ஒடைஞ்சது ஒடைஞ்சது ஆயாம்மா. மரச்சாமான் ஒடையத்தான் செய்யும். எங்கிட்ட சொல்லியிருந்தா அட்டைய வெட்டி ஒண்ணு செஞ்சிருப்பேன்." குரல் உயரவே இல்லை. "ஆனா நான் அங்க நின்னு தடுமாறும்போது, ஒங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சுட்டு ஏன் சிரிக்க வச்சீங்க?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது. பஸ் கண்டக்டருக்கு, மீன் வாங்க வருகிறவருக்கு, சம்பந்தி அம்மாளுக்கு, எல்லோருக்கும் இருந்தது. அவருக்கு இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்கு வேறு எதுவும் தெரியாது, அதனால் செய்தேன் என்று பின்னால் யோசித்து வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தரையைத்தான் பார்த்தேன்.

பெரிய டீச்சர் அங்கேயே போனை எடுத்து நிர்வாகத்துக்குப் பேசினார். கண்ணாடிக்காரர்தான் அந்தப் பக்கம். மானி பிசகு, நான் என் கண்ணால் பார்த்தேன், அந்தப் பெண்ணின் கணக்கில் பிசகு இல்லை என்று சொன்னார். அவர் ஏதோ கேட்டார். "இல்லே சார், இது ஜோக் இல்லே" என்றார் பெரிய டீச்சர். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், நிரந்தரத்துக்கு உத்தரவு போட்டுவிடலாம் என்று முடிந்தது. கணக்கு டீச்சர் சுவரில் கை ஊன்றிக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருதரம் துடைத்தார்.

எனக்கு என்ன தண்டனை என்று காத்துக்கொண்டிருந்தேன். வேலை போகும் என்றே நினைத்தேன். பெரிய டீச்சர், "நீயே சொல்லும்மா, என்ன பண்ணலாம்?" என்று டீச்சரைக் கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் மேடம். எனக்குச் சரியாப் போச்சு. ஆனா பிள்ளைங்க நோட்டுல நூத்தி எழுபத்தி நாலு அப்படியே கெடக்கு. அதுக்கு ஆயா வந்து ஒரு பதில் சொல்லட்டும்."

ஆயா என்றார். நான் கவனித்தேன்.

அடுத்த மணிக்கு எட்டாம் வகுப்புக்குப் போனேன். துடைப்பம் இல்லாமல், டம்ளர் இல்லாமல் அந்த வகுப்புக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் முன்னால் நின்றதுமே பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் நான் வாயே திறக்கவில்லை. "ஆயா, இன்னிக்கு முக்கோணம் சாப்ட்டுச்சா?" என்று ஒரு பையன் கேட்டான். மறுபடியும் சிரிப்பு. டீச்சர் கரும்பலகை ஓரத்தில் கை கட்டி நின்றார். அவர் யாரையும் அடக்கவில்லை.

"பசங்களா," என்றேன், "அன்னிக்கி டீச்சர் போட்ட கணக்கு சரி. கோணமானிதான் தப்பு."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஒரு பெண் நோட்டைப் புரட்டி, "அப்போ இத அடிச்சிடட்டுமா டீச்சர்?" என்றாள்.

"அடிச்சிட்டு, பக்கத்துல நூத்தி எண்பதுன்னு போடுங்க. ஏன் தப்பா வந்துச்சுன்னு காரணமும் எழுதுங்க."

"காரணம் என்ன டீச்சர்?"

"ஆயாவக் கேளுங்க."

நாற்பது பிள்ளைகளும் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லி யாரும் எதையும் நோட்டில் எழுதியதில்லை.

"கோணமானி ஒடைஞ்சிருந்தது" என்றேன். எழுதினார்கள். டீச்சர் அசையவில்லை. "ஒடைச்சது ஆயா." அதையும் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். டீச்சர் இன்னும் அப்படியே நின்றார். அவர் எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"தெரிஞ்சிக்கினே ஆயா சொல்லல" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பேனாக்கள் ஓடின. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"ஆயா, கடைசி வரி கேக்கல. மறுபடியும் சொல்லுங்க."

சொன்னேன். அவன் எழுதி முடிக்கிற வரைக்கும், ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.